வலது ஆர்ம்

சீடருக்கு வயது ஐம்பத்தொன்று. குருவுக்கு முப்பத்துமூன்று.

கோவையில், சரவணம்பட்டி தாண்டி ஒரு தகரக் கொட்டகை. பந்தயக் கார்களுக்குச் சஸ்பென்ஷன் செய்துகொடுக்கும் பட்டறை. மேகலா அதை ஒன்பது வருடமாக நடத்துகிறாள்.

குழந்தைவேலு இருபத்தாறு வருடம் ஒரு பம்பு கம்பெனியில் இயந்திரப் படம் வரைந்தவர். கம்பெனி வேறு மாநிலத்துக்குப் போனது. அவர் போகவில்லை. ஒரு நாள் கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

"படம் வரையத் தெரியும் அம்மிணி. செய்யத்தான் தெரியாது."

"எனக்குச் செய்யத் தெரியும். படம்தான் வராது. உள்ள வாங்ணா."

அப்படித்தான் தொடங்கியது.

பட்டறைக்கு வாடிக்கையாக வரும் ஜோயலின் பந்தயக் காருக்கு முன்பக்க ஆர்ம் இரண்டையும் தான் செய்வதாகக் குழந்தைவேலுவே கேட்டு வாங்கிக்கொண்டார். பின்பக்கத்தை மேகலா எடுத்துக்கொண்டாள். சக்கரத்தை வண்டியின் உடம்போடு சேர்த்துப் பிடித்திருக்கும் கவட்டைதான் ஆர்ம். கார் கம்பெனி செய்யும் வண்டியில் அதன் நீளம் மாறாது. இவர்கள் செய்வதில் பைப்பின் நுனியில் மரை வைத்த புஷ் எனும் குட்டிக் குழல் ஒன்றைப் பற்றவைத்து, அதற்குள் சக்கரத்தோடு சேரும் மூட்டு ஒன்றைத் திருகிவிடுவார்கள். மூட்டைத் திருகினால் நீளம் மாறும். நீளம் மாறினால் சக்கரம் சாயும், நிமிரும். வளைவில் வண்டி எப்படிப் போக வேண்டும் என்பதை ஓட்டுபவர் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம்.

படம் ஒரே வாரத்தில் முடிந்தது. மேகலா அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "அழகா இருக்குங்ணா. இனி கண்ணாடியை மாத்திட்டு வாங்க, ஆர்கான் பிடிக்கலாம்," என்றாள்.

ஆர்கான் என்றால் வெல்டிங். அங்கேதான் ஆறு வாரம் போனது.

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகக் கற்பவர் செய்யும் ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றை மேகலா எடுத்துப் பேண்ட்சா என்னும் ரம்ப மெஷினில் வைத்து, வெல்டிங் போட்ட இடத்திலேயே குறுக்கே அறுப்பாள். அறுத்த முகத்தை அரம் போட்டு, எமரித் தாளால் தேய்த்து, ஆசிட் தொட்டு வைத்தால் உலோகம் உருகி எதுவரை போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது கோடு கிழித்தது போலத் தெரியும். சரியில்லை என்றால் ஜோடி இரண்டும் பழைய இரும்பு. சரியாக இருந்தால் அறுத்ததற்குப் பதிலாக இன்னொன்று செய்துகொள்ள வேண்டும். அறுக்காதது வண்டிக்குப் போகும்.

முதல் ஜோடி அறுபட்ட அன்று அவர் கேட்டார்.

"ஒன்னை அறுத்துப் பார்த்தா இன்னொன்னைப் பத்தி என்னங்க தெரியும் அம்மிணி?"

"ரெண்டும் ஒரே கை செஞ்சதுதானுங்ணா."

அவருக்கு அந்தப் பதில் போதவில்லை.

முதல் ஜோடியில் வெல்டிங் மேலோடு நின்றிருந்தது. மூன்றாவதில் சூடு அதிகமாகிப் பைப் இளைத்திருந்தது. ஐந்தாவதில் கடுகளவு ஒரு குமிழி.

"கடுகுதானே அம்மிணி."

"ஆமாங்ணா, கடுகுதான்," என்று சொல்லிவிட்டு இன்னொன்றையும் பழைய இரும்பில் போட்டாள்.

ஆறாவது ஜோடி போன நாளில் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. கண்ணை மூடினால் நீல வெளிச்சம் ஓடியது. தகரத்தின் சூடு தலைக்குள் இறங்கிவிட்டிருந்தது. வீட்டில் எதிர்ப்படுபவரெல்லாம், "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அவரும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏழாவது ஜோடியில் இடது ஆர்மைச் செவ்வாய்க்கிழமை செய்தார். பைப்பை மூன்று முறை துடைத்தார். புஷ் உட்காரும் வாயை மயிரிழை இடைவெளி இல்லாமல் அரம் போட்டுச் சேர்த்தார். மூச்சை அடக்கிப் பற்றவைத்தார்.

புதன்கிழமை வலது. வாயை அறுக்கும்போதே ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது. இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி. பைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு பைப் வெட்டியிருக்க வேண்டும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகமூடியை இறக்கி, அந்த இடைவெளியின் மேல் கம்பியை உருக்கி ஊற்றி மூடினார். மூடியதன் மேல் இன்னொரு வரி அழகாக இழுத்தார்.

மேகலா எப்போதும் இடதைத்தான் எடுப்பாள். அதற்கு ஒரு காரணமும் இல்லை. சுவரில் இரண்டு கொக்கிகள் இருந்தன. இடது ஆர்ம் தொங்கும் கொக்கி பேண்ட்சாவுக்குப் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான். குழந்தைவேலு அதை ஆறு தடவை பார்த்தவர். இதை அவர் யோசித்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. கை தானாகவே தெரிந்துவைத்திருந்தது.

வியாழன் காலையில் அவள் இடதை எடுத்தாள். அறுத்தாள். தேய்த்தாள். ஆசிட் தொட்டாள். வெகு நேரம் பார்த்தாள்.

"குழந்தைவேல்ணா."

"சொல்லுங்க."

"இங்க வந்து பாருங்க."

பைப்பும் புஷ்ஷும் எங்கே முடிந்து எங்கே தொடங்குகின்றன என்று தெரியாமல் ஒன்றாகியிருந்தன.

"நல்லா வந்திருச்சுங்ணா," என்றாள். அவள் குரலிலும் களைப்புதான் இருந்தது, சந்தோஷத்தைவிட. "வலது வண்டிக்குப் போகட்டும். இதே மாதிரி இடது ஒன்னு பண்ணீருங்க. நாளைக்குப் பூட்டிரலாம்."

வலதைக் கையில் எடுத்தாள். வெல்டிங் மேல் விரலை ஓட்டினாள். செல்போன் வெளிச்சத்தை அடித்துச் சுற்றிலும் பார்த்தாள். திரும்பக் கொக்கியில் மாட்டினாள்.

அவர் பேண்ட்சாவின் அடியில் கிடந்த இரும்புத் தூளைக் கூட்ட ஆரம்பித்தார்.

பதினோரு மணிக்கு ஜோயல் வந்தான். வாரத்தில் ஆறு நாள் பல் டாக்டர், ஏழாவது நாள் கார் பந்தயம். ஞாயிற்றுக்கிழமை இந்த வருடத்தின் கடைசிச் சுற்று. வந்த வேகத்தில் கொக்கியிலிருந்து வலது ஆர்மை எடுத்தான்.

"அங்கிள்! என்னங்க இது, நகைக்கடையில செஞ்சதா? நான் பல்லு கட்டறதுகூட இவ்வளவு சுத்தமா இருக்காது."

"அதனாலதான் உங்க கிளினிக்ல ஈ ஓட்டிட்டு இருக்கீங்களா டாக்டர்?" என்றாள் மேகலா, வண்டிக்கு அடியிலிருந்து.

"அக்கா, உங்க கடவாய்ப்பல்லு ஒரு நாள் என்கிட்டதான் வரணும். ஞாபகம் வெச்சுக்குங்க." குழந்தைவேலுவின் பக்கம் திரும்பினான். "அங்கிள், அந்த நாலாவது வளைவு இருக்குதுங்களே, நேர் ரோட்டுல நூத்தம்பதுல வந்து அப்படியே இடது பக்கம் ஒடிக்கணும். போன தடவை வண்டி வெளிய இழுத்துட்டுப் போச்சு. பயத்துல பிரேக்கைத் தொட்டுட்டேன். நாலு பேரு தாண்டிப் போயிட்டாங்க."

"இந்தத் தடவை?"

"தொடமாட்டேன். அதான் நீங்க செஞ்சது இருக்குதுல்ல."

இடது பக்கம் ஒடித்தால் வண்டியின் பாரம் முழுக்க வலது முன் சக்கரத்தில் வந்து உட்காரும். இந்தக் கணக்கைப் படத்தின் ஓரத்தில் குழந்தைவேலுவே எழுதியிருந்தார். எத்தனை கிலோ என்பதும் அவருக்குத் தெரியும்.

ஜோயல் போன பிறகு, புதிய இடது ஆர்முக்குப் பைப் வெட்டினார். வாயை அரம் போட்டார். பொருத்திப் பார்த்தார். மயிரிழை இடைவெளி இல்லை. பற்றவைக்க உட்கார்ந்தார். முகமூடியை இறக்கினார், ஏற்றினார். மறுபடி இறக்கினார்.

மதியம் இரண்டரை மணிக்குப் பேண்ட்சா ஓடும் சத்தம் கேட்டது.

"என்னங்ணா அறுக்கறீங்க?" வண்டிக்கு அடியிலிருந்தே மேகலா கேட்டாள்.

சத்தம் நின்றதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

வலது ஆர்ம் இரண்டாகக் கிடந்தது. ஆசிட் தேவைப்படவில்லை. மேலே ஒரு அழகான கூரை. அடியில் பைப்புக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி நுழையும் அளவுக்கு வெறும் இருட்டு.

"நேத்து," என்றார் குழந்தைவேலு. "முடியலைங்க அம்மிணி. ரொம்ப அசதியா இருந்துச்சு. நீங்க இடதைத்தான் எடுப்பீங்கன்னு..."

மேகலா அந்தத் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கீழே வைத்தாள். செல்போனை எடுத்தாள்.

"டாக்டர், இந்த ஞாயித்துக்கிழமை வண்டி வராது. வலது ஆர்ம் சரியில்லை. புதுசா ஜோடி செஞ்சு அறுத்துப் பார்க்க நாள் பத்தாது."

அந்தப் பக்கம் ஜோயல் கத்தியது அவர் காது வரை வந்தது. "காலையில நான்தானே பார்த்தேன்! கையில எடுத்துப் பார்த்தேன்க்கா!"

"ஆமாங். நானுந்தான் பார்த்தேன்."

"ஒரு வருஷம்க்கா. ஒரு வருஷமா ஓட்டிட்டு வந்தது."

"தெரியும். என் மேலதான் தப்பு. கோவத்தை என்கிட்டயே வெச்சுக்குங்க."

ஜோயல் போனை வைத்துவிட்டான். அவள் தன் போனைப் பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவர் நின்றுகொண்டே இருந்தார். திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் கொஞ்சம் லேசாக இருக்கும் போலிருந்தது. அவள் திட்டவில்லை. கால்களை நீட்டி, செருப்பைக் கழற்றி, கணுக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

அவருக்கு ஒன்று தோன்றியது. தோன்றியதும் மனசு கொஞ்சம் ஆறியது.

"அம்மிணி."

"சொல்லுங்ணா."

"உங்களுக்குத் தெரிஞ்சுதானே இருந்துச்சு?"

"எது?"

"வலதுல நான் பண்ணின வேலை. நானா சொல்றனான்னு பார்க்கத்தான் பேசாம இருந்தீங்க. அப்படித்தானுங்களே?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நெற்றியில் ஒட்டியிருந்த இரும்புத் தூளைப் புறங்கையால் துடைத்தாள்.

"இல்லீங்ணா. எனக்குத் தெரியலை."

"விரலை ஓட்டிப் பார்த்தீங்களே. லைட் அடிச்சுப் பார்த்தீங்களே."

"பார்த்தேன். நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்ப, நான் அறுக்காம விட்டிருந்தா?"

"நாளைக்குப் பூட்டியிருப்பேன்."