திங்கட்கிழமைக்கு ஒரு வயர்

"ரெண்டு வயர் போட்டேன் மேடம். ரெண்டும் எப்படி ஒரே நாள்ல செத்துச்சு?"

வேலைக்குச் சேர்ந்த அன்றே நம்பிராஜன் இதைத்தான் கேட்டார்.

செண்பகவல்லி நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு முப்பது வயது. அவருக்கு ஐம்பத்து நாலு. அந்த ரத்த வங்கியின் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் அவள் பொறுப்பு. அவளுக்குக் கீழேதான் அவருக்கு வேலை.

"எங்க செத்துச்சு அண்ணாச்சி?"

"முன்னால இருந்த மில்லுல. போன தீபாவளிக்கு நாலு நாள் முன்னாடி. கம்ப்யூட்டர் அத்தனையும் நின்னு போச்சு. லாரியெல்லாம் வாசல்ல வரிசையா நிக்கி. மொதலாளி ஒண்ணும் ஏசலை. நாளையிலருந்து வர வேண்டாம்னு மட்டும் சொன்னார்."

"ம்."

"ஒண்ணு போனா ஒண்ணு தாங்கட்டும்னுதானே ரெண்டு போடுதோம். ஒரே நாள்ல ரெண்டும் போகுமா? ஒரு வருஷமா இதே யோசனைதான். சாமி முன்னால கண்ணை மூடினாலும் அந்த ரெண்டு வயருதான் வந்து நிக்கி. நான் என்ன தப்பு பண்ணுனேன்னு தெரிஞ்சாப் போதும். தெரியாம இன்னொரு வயரைத் தொடவே கை கூசுது."



"திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் கூப்பிடுதேன். வாங்க" என்றாள் செண்பகவல்லி.

மாடியில் ஒரு சின்ன அறை. அங்கேதான் சர்வர் இருந்தது. எந்த ஃப்ரிட்ஜில் எந்த வகை ரத்தம், எத்தனை பை, எல்லாம் அதற்குள்ளே.

வயர்களை இணைத்துவிடும் சுவிட்ச் பெட்டிகள் மேலும் கீழுமாக இரண்டு இருந்தன. சர்வரின் முதுகிலிருந்து இரண்டு வயர்கள் புறப்பட்டன. ஒன்று மேல் சுவிட்சுக்கு. ஒன்று கீழ் சுவிட்சுக்கு. மேல் சுவிட்சிலிருந்து போன வயர் படிக்கட்டு ஓரமாகக் கீழே ரத்தம் கொடுக்கும் கவுண்டருக்கு இறங்கியது. கீழ் சுவிட்சிலிருந்து போனது பின்சுவர் வழியாக இறங்கி அதே கவுண்டருக்கு வந்தது.

நம்பிராஜன் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மில்லில் அவர் போட்டதும் இதே மாதிரிதான். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை வந்தது.

பதினொரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது செண்பகவல்லி கீழே போனாள். கவுண்டரில் இருந்த ரஹ்மத் நிஷாவின் முன்னால் ஒரு நோட்டும் பேனாவும் வைத்தாள். காலையில் அச்செடுத்த இருப்புப் பட்டியல் நோட்டுக்குள் இருந்தது.

"அவசரமா ஏதும் வந்திருக்கா?"

"இல்லக்கா. இப்பத்தான் ஒண்ணு அனுப்பினேன். நீங்க உங்க திங்கட்கிழமைப் பூசையை ஆரம்பிங்க."

மாடிக்கு வந்தாள். சர்வரின் முதுகிலிருந்த மேல் வயரைப் பிடித்தாள். பிடுங்கினாள்.

நம்பிராஜன் ஓரடி முன்னால் பாய்ந்தார்.

"ஓடிக்கிட்டு இருக்கும்போதா மேடம்! யாராவது ஓடுற வண்டியில சக்கரத்தைக் கழட்டுவாங்களா?"

"கீழ எட்டிப் பாருங்க."

ஓடிப்போய்ப் படியில் நின்று பார்த்தார். ரஹ்மத் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் டீ கிளாஸ். அவளுக்கு ஒன்றும் நடந்ததாகவே தெரியவில்லை.

பத்து நிமிஷம் கழித்து செண்பகவல்லி வயரைத் திரும்பச் சொருகினாள். சுவரில் தொங்கிய காலண்டரில் அன்றைய தேதியின் மேல் ஒரு கோடு போட்டாள்.

அவ்வளவுதான். கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

அடுத்த திங்கட்கிழமையும் அதேதான். நோட்டு, பேனா, அதே கேள்வி. இந்தத் தடவை கீழ் வயர். கவுண்டர் நிற்கவில்லை.

நம்பிராஜனுக்குப் பொறுக்கவில்லை.

"தப்பா நினைக்காதீங்க மேடம். எதுக்கு இந்த வேலை? நான் தினமும் காலையில வந்ததும் சர்வர் முதுகைத்தான் பாக்கேன். ரெண்டு வயருக்கும் ரெண்டு பச்சை விளக்கு. ரெண்டும் ஜம்முன்னு எரியுது."

"மில்லுலயும் பாப்பீங்களோ?"

"ஒரு நாள் தவறினதில்ல. நின்னு போன அன்னைக்குக் காலையில கூடப் பார்த்தேன். ரெண்டும் எரிஞ்சுது."

"அந்த விளக்கு என்ன அண்ணாச்சி சொல்லுது?"

"வயர் நல்லாயிருக்குன்னு சொல்லுது."

"எது வரைக்கும்?"

அவர் சர்வரின் முதுகைத் திரும்பிப் பார்த்தார். அவளோ அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டாள்.

அந்த வாரம் சனிக்கிழமை ஆயுத பூசை.

அறையைச் சுத்தம் பண்ணும் வேலையை நம்பிராஜன் கேட்டு வாங்கிக்கொண்டார். முந்தின நாள் சாயங்காலம் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, தூசி தட்டி, துணியால் துடைத்தார். மேலே சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்தார். வயர்களைப் பழையபடி சொருகினார். ஒரு முழம் கதம்பம் வாங்கி வந்து சர்வருக்குப் போட்டார்.

செண்பகவல்லி வந்து பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"கல்யாண வீடு மாதிரில்ல இருக்கு அண்ணாச்சி!"

"மில்லுலயும் வருஷா வருஷம் நாந்தான் செய்வேன் மேடம். சோறு போடுத சாமான் இல்லையா?"

திங்கட்கிழமை பதினொரு மணி. கவுண்டரில் நோட்டு வைத்தாயிற்று. அவசரம் ஏதும் இல்லை என்று கேட்டும் ஆயிற்று.

"இன்னைக்கு நீங்க பிடுங்குங்க" என்றாள்.

"நானா?"

"மேல் வயரு."

நம்பிராஜன் சர்வரின் முதுகைப் பார்த்தார். இரண்டு பச்சை விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. முருகா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பிடுங்கினார்.

"அக்கா! நின்னு போச்சு!"

கீழேயிருந்து ரஹ்மத்தின் குரல்.

நம்பிராஜனுக்கு மில் வாசலில் நின்ற லாரியெல்லாம் கண் முன்னால் வந்துவிட்டது.

"ரத்தம் கேட்டு ஒருத்தர் சீட்டோட நிக்காரு" என்றாள் ரஹ்மத். "நான் நோட்டுல எழுதிக் குடுத்துருதேன். நீங்க மெதுவா பாருங்க. அண்ணாச்சியை ஏசாதீங்க!"

செண்பகவல்லி முகத்தில் கோபம் இல்லை. பதற்றமும் இல்லை. காணாமல் போனது கிடைத்துவிட்ட மாதிரி இருந்தாள்.

"முதல்ல மேல் வயரைச் சொருகுங்க."

சொருகினார். கீழே கம்ப்யூட்டருக்கு உயிர் வந்தது.

"கீழ் வயரோட விளக்கு எரியுதா?"

"எரியுதே மேடம். அப்பவும் எரிஞ்சுது. இப்பவும் எரியுது."

"அந்த வயர் எது வரைக்கும் போகுது?"

"இந்தக் கீழ் சுவிட்ச் வரைக்கும்."

"அதுக்கு அங்கிட்டு?"

நம்பிராஜன் தரையில் மண்டியிட்டார். கீழ் சுவிட்சின் பக்கம் குனிந்தார். வரிசையாகப் பச்சை விளக்குகள். கோடியில் ஒன்று மட்டும் இருண்டு கிடந்தது. கவுண்டருக்கு இறங்கும் வயர் அங்கேதான் சொருகியிருக்க வேண்டும். பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் சொருகினது போலத்தான் இருந்தது. விரலால் தொட்டார். கையோடு வந்துவிட்டது.

வெளிச்சத்தில் காட்டினார். வயரின் நுனியில் பிளாஸ்டிக் நாக்கு ஒன்று உண்டு. உள்ளே போனதும் அதுதான் கவ்விப் பிடிக்கும். அந்த நாக்கின் அடியில் சந்தனம் காய்ந்து இறுகிக் கிடந்தது.

பூசைக்கு அவருடைய விரலில் இருந்த சந்தனம்.

வயர் நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூணு நாளா இது செத்துக் கிடந்திருக்கு" என்றார்.

சுவரிலிருந்த காலண்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"மில்லுல பூசைக்கும் தீபாவளிக்கும் நடுவுல இருபது நாள் மேடம். அதுல பதினாறு நாள் ஒத்தை வயருலதான் ஓடியிருக்கு. அந்த ஒண்ணும் போன அன்னைக்குத்தான் எல்லாம் நின்னுருக்கு. யாருக்கும் தெரியலை. நான் பாட்டுக்கு சுவிட்ச் வரைக்கும் மட்டும் சொல்லுத விளக்கைப் பாத்துட்டு நிம்மதியா வீட்டுக்குப் போயிருக்கேன்."

செண்பகவல்லி கீழே உட்கார்ந்தாள். அவர் கையிலிருந்து வயரை வாங்கினாள். துப்பட்டா நுனியால் சந்தனத்தைப் பொறுமையாகத் துடைத்தாள். துடைத்ததைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வயரை அவரிடமே நீட்டினாள்.

வாங்கிச் சொருகினார். டிக் என்று சத்தம் கேட்டது. இருண்டு கிடந்த விளக்கு எரிந்தது. அவர் அந்த விளக்கைப் பார்க்கவில்லை. மேல் வயரை மறுபடி ஒரு தடவை பிடுங்கிவிட்டுப் படிக்கு ஓடினார்.

ரஹ்மத் தட்டிக்கொண்டிருந்தாள். டீ கிளாஸ் கையில் இருந்தது.

திரும்பி வந்து மேல் வயரைச் சொருகினார். கை கூசவில்லை.

"மேடம்."

"சொல்லுங்க."

"மில்லுல இப்ப யாரோ ஒரு புதுப் பையன் பாக்கானாம். பேரு கூடத் தெரியாது. பூசைக்கு அவனும் துடைச்சிருப்பான். ஒரு போன் போட்டுச் சொல்லட்டுமா?"

"என்னன்னு சொல்லுவீங்க?"

"இன்னைக்கே ஒரு வயரைப் பிடுங்கிப் பாருன்னு."

செண்பகவல்லி முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

"அதுக்கு முன்னாடி நோட்டும் பேனாவும் எடுத்து வைக்கச் சொல்லுங்க அண்ணாச்சி."