குட்டை மாடுகள் இழுத்து வந்த காளை

முன்னொரு காலத்தில், தன் நாட்டு மாடுகளைப் பார்த்து வெட்கப்பட்ட அரசன் ஒருவன் இருந்தான். விருந்துக்கு வந்த அண்டை நாட்டு மன்னன் மலையடிவார மந்தையைக் கண்டு, "உங்கள் நாட்டில் ஆடுகள் நன்றாக வளர்கின்றனவே!" என்று சொல்லிவிட்டுப் போனதுதான் காரணம். அரசனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அரண்மனைக் கொட்டிலின் அதிகாரி சிங்கராயர் சமயம் பார்த்துக் காதில் ஓதினார். யானைக்குட்டி மாதிரி அயல்நாட்டுப் பசுக்களும் காளைகளும் வந்து கொட்டிலில் நின்றன. சில ஆண்டுகள் கழித்து, அதே சிங்கராயர் வாய் வழியாக ஒரு கட்டளையும் வந்தது. லட்சணமில்லாத குட்டை மாடுகளையெல்லாம் மழைக்கு முன் எல்லைக் கணவாய்க்கு அப்பால் துரத்திவிட வேண்டும்.

அரசவை விகடன் மருதையன் மாட்டுத் தரகர் வீட்டுப் பிள்ளை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற கூட்டத்தில் வளர்ந்தவன். ஊரைச் சிரிக்க வைத்துப் பிழைத்தவனுக்கு, அன்று காலை சிரிப்பு வரவில்லை. நஞ்சி என்கிற மலைக்காரி, தன் இடுப்பு உயரமே இருந்த செவலைப் பசு ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவன் வீட்டு வாசலில் நின்றாள்.

"சாமி, இது வருசம் தவறாம கன்னு போடுது. புல்லு கருகுன வருசத்துலயும் போட்டுச்சு. இப்ப நெறைசினை. கணவாய் ஏத்துனா பாதி வழியில ரெண்டு உசிரும் போயிரும். அப்பறம் நாங்க எதை வெச்சுப் பொழைக்கிறது?"

மருதையன் பசுவின் மடியைப் பார்த்தான். பால் இறங்கத் தொடங்கியிருந்தது. "உன் மாடு கணவாய் ஏறாது, போ" என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் அரசகட்டளை நினைவுக்கு வந்தது.

சபையில் மெல்ல ஆரம்பித்தான். "மகாராஜா, அழகைக் கறந்து குடிக்க முடியுமா?"

இதற்காகவே காத்திருந்தவர் போல் சிங்கராயர் எழுந்தார். "அரசே, நம் மண்மேல் விகடனாருக்கு அவ்வளவு பற்று என்றால், இந்த மண்ணில் உருவான காளை ஒன்றைச் சகல லட்சணத்தோடும் கொண்டுவந்து நிறுத்தட்டும். நிறுத்தினால் கட்டளை ரத்து. தவறினால் குட்டை மாடுகளோடு அவரும் கணவாயைத் தாண்டட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றான் அரசன்.

"லட்சணங்களை இப்போதே சொல்லிவிடும், சிங்கராயரே" என்றான் மருதையன்.

"அகன்ற நெற்றி. பிறை போல் கொம்பு. ஆள் உயரத்துக்கு எழுந்து நிற்கும் திமில். கழுத்திலிருந்து தொங்கி முழங்காலைத் தொடும் அலைதாடி. உடம்பெல்லாம் ஒரே நிறம். தேடினாலும் கெட்ட மயிர்ச்சுழி அகப்படக்கூடாது."

"இன்னும் ஏதாவது உண்டா? நன்றாக யோசியும். பேரம் முடிந்தபின் பேச்சு மாறக்கூடாது."

"இதையே உம்மால் காட்ட முடியாது. போம் ஐயா!"

குறித்த நாளில் அரண்மனை முற்றத்துக்குள் ஒரு பாரவண்டி முனகிக்கொண்டு நுழைந்தது. ஜோடி ஜோடியாகக் குட்டை எருதுகள் அதை இழுத்து வந்தன. முன்னால் பூட்டிய ஜோடியை நஞ்சி ஓட்டினாள். வண்டியின் மேல், கல்தச்சன் பட்டறையிலிருந்து வந்த கருங்கல் காளை கம்பீரமாக நின்றது.

"இது கல்!" என்று கத்தினார் சிங்கராயர்.

"கல்தான். இந்த மண்ணில் உருவான கல். திமிலை அளந்து பாரும். அலைதாடியைத் தொட்டுப் பாரும். நிறம் ஒன்றே. சுழியைச் சாவகாசமாகத் தேடும்."

அரசன் முகம் சிவந்தது. "மருதையா, உயிரோடு விளையாடுகிறாய்! இந்தக் காளையால் ஒரு பசுவாவது சினைப்படுமா? ஒரு கன்றாவது பிறக்குமா?"

மருதையன் கைகூப்பினான். "அதைச் சிங்கராயர் கேட்கவில்லை, மகாராஜா. கன்றும் கணக்கில் உண்டு என்று தாங்கள் சொன்னால் அடியேன் தோற்றுப்போகிறேன். அதே கேள்வியைக் கொட்டிலிலும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்."

அரசன் திரும்பினான். "சிங்கராயரே, கொட்டிலில் எத்தனை கன்றுகள்?"

"வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, அரசே... பல பசுக்களுக்குச் சினை நிற்கவில்லை... நின்ற ஒன்றிரண்டும் செத்துப் பிறந்தன..."

"எத்தனை என்று கேட்டேன்."

"ஒன்றும் இல்லை, அரசே."

அரசன் வண்டியின் முன் ஜோடியிடம் போனான். அவற்றின் முதுகைத் தொட அவன் குனிய வேண்டியிருந்தது.

"இவை யாருடையவை?"

"என்னோடதுங்க. ரெண்டும் எங்க செவலை போட்டதுதான். அண்ணன் தம்பி. அது இப்பவும் நெறைசினைங்க."

இந்த மாடுகளையா துரத்தச் சொன்னோம் என்ற வருத்தம் அரசன் முகத்தில் தெரிந்தது. பிறகு கல் காளையைப் பார்த்தான்; சிங்கராயரைப் பார்த்தான்; சிரிப்பு பீறிட்டது. "சிங்கராயரே, உம்முடைய காளைகளைவிட இது மேல். தீனி கேட்காது!"

கட்டளை அங்கேயே ரத்தானது. கழுத்து மாலையைக் கழற்றி மருதையனுக்குப் போட்டுவிட்டு, அரசன் நஞ்சியிடம் கேட்டான்: "பெண்ணே, உன் செவலை போடப்போகும் கன்றை அரண்மனைக்குத் தருவாயா? கேட்டதைத் தருகிறேன்."

நஞ்சி யோசித்தாள். "பொறக்காத கன்னுக்கு நாங்க பேச்சு வெச்சுக்கறதில்லீங்க, ராசா. மொதல்ல அது மடி முட்டிக் குடிக்கட்டும். அப்பறம் மலைக்கு வாங்க, பாக்கலாம்."

அரசன் முன்னைவிடப் பலமாகச் சிரித்தான். "கேட்டாயா மருதையா? மழை விட்டதும் மலைக்குப் போகிறோம். நீ எனக்காகப் பேசு!"

"பேசுகிறேன், மகாராஜா. ஆனால் இவளிடம் பேரம் படியும் என்று மட்டும் சொல்லமாட்டேன்" என்றான் மருதையன்.