திரும்ப வரும் வரி

மேகம் இறங்கினால் பகலிலும் பாதை மறைந்துபோகிற மலை அது. அதன் உச்சியில் சிறிய மடம் ஒன்றை நடத்திவந்தார் உமையாள் அம்மை. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த திருமேனி வயதில் அவருக்கு மூத்தவர். செய்யுள் கட்டுவதில் கெட்டிக்காரர்.

மடத்தில் எல்லோரும் கூடிப் பாடும் பாட்டு ஒன்று உண்டு. 'முன்னே போகிறவரே, நானும் வருகிறேன்' என்பது அதன் பல்லவி. ஒவ்வொரு சரணம் முடிந்ததும் அந்த வரி திரும்ப வரும். திருமேனிக்கு அது சலித்துவிட்டது. ஒருநாள் அம்மையிடமே கேட்டார்.

"ஒருமுறை சொன்னால் போதாதா, அம்மா? சொன்னதையே எதற்குச் சொல்ல வேண்டும்?"

வேண்டாமென்றால் விட்டுவிட்டுப் பாடிப் பாரும் என்றார் அம்மை.

அன்று பிற்பகல் இருவரும் சுனையில் தண்ணீர் மொண்டுகொண்டு மலையேறும்போது மேகம் சூழ்ந்தது. முன்னால் போன அம்மையின் முதுகுகூடத் தெரியவில்லை. பாடிக்கொண்டே வாரும் என்று அவர் குரல் மட்டும் வந்தது.

திருமேனி பாடினார். பல்லவியை விட்டுவிட்டார். சரணத்தின்மேல் சரணமாக ஓடியது பாட்டு; இன்னொருவர் சேர்ந்துகொள்ள அதில் இடமே இல்லை. அம்மையும் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் எந்தப் பக்கம் போனார் என்றே திருமேனிக்குத் தெரியாமல் போயிற்று. காலடியில் ஒரு கல் பெயர்ந்து உருண்டது. அது விழுந்த சத்தம் கேட்கவே இல்லை.

அப்படியே நின்றுவிட்டார்.

அப்போது பின்னாலிருந்து, தோளை உரசுகிற தூரத்தில், ஓர் இளம்பெண்ணின் குரல் மெல்லப் பாடியது.

"முன்னே போகிறவரே, நானும் வருகிறேன்."

திருமேனியின் உதடுகள் தாமாகவே அந்த வரியைப் பிடித்துக்கொண்டன. உடனே எதிரே, மேகத்துக்குள்ளிருந்து அம்மையும் அதையே பாடினார். குரல் வந்த பக்கம் தட்டுத்தடுமாறிப் போய் அம்மையின் கையைப் பற்றிக்கொண்டார்.

மடத்து வாசலுக்கு வந்ததும் திருமேனி கேட்டார்.

"என் பின்னால் பாடியது யார், அம்மா?"

சென்ற மழைக்காலத்தில் சீடராக வந்த ஒரு பெண் அவர் நின்ற அந்த வளைவில்தான் கால் தவறி விழுந்தாள் என்றார் அம்மை.

"வந்த அன்றைக்கே போய்விட்டாள். அந்தப் பாட்டில் அவளுக்குத் தெரிந்தது அந்த ஒரு வரிதான். அதையும் எடுத்துவிட்டீரே."