இரண்டாம் வரிசைக் கன்றுகள்

வைகுண்டநாதன் அண்ணாச்சிக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. அலுவலக அறையில் எழுவார், சன்னல்வரை நடப்பார், கடிகாரத்தைப் பார்ப்பார், மீண்டும் அமர்வார்.

வாழையின் வாடல் நோயைத் தடுக்க ஒரு நுண்ணுயிரை உருவாக்கிவந்த சிறு நிறுவனம் அவருடையது. உரவணிகத்தில் தலை நரைத்தபின் அதைத் தொடங்கியிருந்தார். அறிவியல் ஆலோசனைக் குழுவின் தலைவி டாக்டர் ஜெசிந்தாவுக்கு அவருடைய மகளின் வயது. ஆயினும், சனிதோறும் அவரிடம் பாடம் கேட்டே அண்ணாச்சி நுண்ணுயிரியல் கற்றார். ஊரறிய அவரைக் குரு என்றே அழைத்தார்.

அன்று மாலை குழு கூடவிருந்தது. எல்லாரும் ஒப்பினால், அந்த நுண்ணுயிர் இந்த நடவுப் பட்டத்திலேயே தாமிரபரணிக் கரையின் வாழைத்தோட்டங்களுக்குப் போய்விடும். ஒப்பாதவர் ஒருவரே: மண்ணியல் அறிஞர் டாக்டர் ஆவுடையப்பன்.

பொறுக்கமாட்டாமல் அண்ணாச்சி ஆய்வுக்கூடத்துக்கே போய்விட்டார். ஜெசிந்தா நுண்ணோக்கியில் கண் பதித்திருந்தார்.

“குருவே, ஒரு கேள்வி.”

“இன்று சனிக்கிழமை இல்லையே, அண்ணாச்சி.”

“சனி என்னைப் பிடித்து மாதக்கணக்காகிறது. பெயர் ஆவுடையப்பன்.”

ஜெசிந்தா சிரித்துவிட்டார்.

“எதைச் சொன்னாலும் மறுக்கிறவரை ஒரு நிறுவனம் எவ்வளவு காலம் தாங்கும்? போன கூட்டத்தில் அவரைக் கதவோரம், ஏ.சி.க்கு நேர்கீழே உட்காரவைத்தேன். அந்த இரைச்சலையும் மீறிக் கத்துகிறார், அம்மா!”

“என்ன கத்தினார்?”

“‘உங்கள் கன்றுகள் பொய் சொல்கின்றன’ என்றார். பச்சைப்பசேலென்று நிற்கும் கன்று பொய் சொல்லுமா? கூட்டத்துக்கு முன்பே அவரைக் குழுவிலிருந்து விலக்கிவிடுகிறேன். நீங்கள் தலையசைத்தால் போதும்.”

ஜெசிந்தா தலையசைக்கவில்லை. மேசையிலிருந்து ஒரு கத்தியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“வாருங்கள்.”

“ஐயையோ, அந்த அளவுக்கெல்லாம் வேண்டாம்!”

பசுமைக்குடிலில் வாழைக்கன்றுகள் இரு வரிசையாய் நின்றன. இரண்டிலும் இலைகள் செழித்திருந்தன.

“இரு வரிசையிலும் நோயை விட்டோம், நம் நுண்ணுயிரையும் விட்டோம். முதல் வரிசையில் ஒன்றைப் பிடுங்கிக் கிழங்கைப் பிளந்து பாருங்கள்.”

பிளந்தார். உள்ளே தேங்காய்ப் பத்தைபோல் வெண்மை.

“பார்த்தீர்களா! இதைத்தானே நான்…”

“இரண்டாம் வரிசை.”

“அதுவும் இப்படித்தானே இருக்கும்?”

“எனக்குத் தெரியாது. பிளந்தால்தான் தெரியும்.”

பிளந்தார். நடுவே செங்கல் நிறத்தில் ஒரு வளையம், வாடல் நோயின் அடையாளம். அடுத்ததைப் பிளந்தார், அதிலும் அதே வளையம். யாரும் சொல்லாமலே இன்னொன்றைப் பிடுங்கினார்.

“நுண்ணுயிர் வேறா?”

“ஒன்றுதான்.”

“மண்?”

“ஒரே தோட்டத்து மண். முதல் வரிசைக்குரியதை மட்டும் நீராவியில் வேகவைத்தோம்.”

“மண்ணை வேகவைத்தீர்களா? எதற்கு?”

“மண்ணுக்குள் கோடானுகோடி உயிர்கள். நம் நுண்ணுயிரை எதிர்க்கும், விரட்டும், தின்னும். அந்தத் தொல்லையின்றிச் சோதிப்பது ஆய்வுக்கூட வழக்கம். நானும் அதை மாற்றவில்லை.”

“இரண்டாம் வரிசை?”

“அள்ளியது அள்ளியபடி. ஆவுடையப்பன் சார் விடாமல் கேட்டதால் வைத்தது.”

அண்ணாச்சி கத்தியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

“தோட்டக்காரன் மண்ணை வேகவைத்தா நடப்போகிறான்?” என்றார், தமக்குத் தாமே.

வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. “வண்டிகளை வெயிலில் நிறுத்தச் சொன்ன புத்திசாலி யாரப்பா?” என்று ஒரு குரல் வாயிற்காவலரிடம் வழக்காடத் தொடங்கியது.

“வந்துவிட்டார்” என்றார் அண்ணாச்சி. குடிலின் கோடிவரை நடந்தார், திரும்பி வந்தார்.

“இந்தப் பட்டம் கைவிட்டுப் போய்விடும், குருவே.”

“போய்விடும்.”

“மற்றவர்கள் அத்தனை பேரும் சரி என்றுதான் சொல்வார்கள்.”

“முதல் வரிசைக் கன்றுகளும் அதைத்தானே சொல்லின?”

அண்ணாச்சி வளையமிட்ட கிழங்கைக் கையில் எடுத்தார். வாசலில் அந்தக் குரல் இன்னும் ஓயவில்லை.

“அப்படியானால், இன்றைக்கு அவரை எங்கே உட்காரவைப்பது?”

“உங்களுக்கு நேரெதிரே. ஏ.சி.யை நிறுத்திவிடுங்கள்.”