செங்கமலம் சொன்ன சாட்சி

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். நல்லவர்தான், ஆனால் மூக்குக்கு மேல் கோபம். அவருடைய பட்டத்து யானை செங்கமலம் இளைத்துக்கொண்டே போனது.

"யானைக்கு வெல்லம் கொடுக்கும் வியாபாரி மாரியப்பன் குறையில்லாமல்தான் கொடுக்கிறான். யானைக் கொட்டில் அதிகாரி சடையாண்டிதான் பாதியைத் திருடுகிறார்" என்று சபையில் குற்றம் சாட்டினார் பொக்கிஷ மந்திரி அனந்தராயர்.

பாவம் சடையாண்டி! ஒரு கரும்புத் துண்டைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகாத மனுஷன். "மகாராஜா, வருவதே பாதிதான். மந்திரியிடம் முறையிட்டேன், அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை" என்று அழுதார்.

"சாட்சி உண்டா?" என்றார் ராஜா.

"யானையைத்தான் கேட்க வேண்டும்!" என்றார் அனந்தராயர். சபையே சிரித்தது.

ராஜாவுக்கு வந்ததே ரோஷம்! விகடகவி மணவாளனைப் பார்த்தார். "பொழுது சாய்வதற்குள் யானையைக் கேட்டுச் சொல். இல்லாவிட்டால் சடையாண்டிக்குச் சிறை, துணைக்கு நீ!"

"உத்தரவு மகாராஜா. கேட்டால் போயிற்று!" என்றான் மணவாளன்.

எல்லோரையும் கொட்டிலுக்கு அழைத்துப் போனான். செங்கமலத்துக்கு ஒரு துண்டு வெல்லத்தை முகரக் கொடுத்து, "அம்மா, உன் பங்கு எங்கே?" என்று பணிவாகக் கேட்டுச் சங்கிலியை அவிழ்த்துவிட்டான். அது சாதாரண வெல்லமில்லை. சுக்கும் ஓமமும் சேர்த்து அரண்மனை யானைக்கென்றே காய்ச்சுவது, வேறெங்கும் கிடைக்காது.

யானை கடைத்தெரு வெல்ல மண்டிகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சடையாண்டியின் வீட்டையும் தாண்டிப் போனது. அப்போதுதான் அவருக்கு மூச்சே வந்தது. யானை நேராக அனந்தராயரின் மாளிகைக்குப் போய், பின்கட்டுக் கூரை ஓடுகளைப் பிரித்துத் தும்பிக்கையை உள்ளே விட்டு, ஒரு மூட்டையை வெளியே இழுத்துப் போட்டது. அடேயப்பா, தெருவெல்லாம் ஓம வாசனை!

"எனக்கு... வாயுத் தொல்லை மகாராஜா. மாரியப்பன் அன்பாகக் கொடுத்தது..." என்று உளறினார் மந்திரி.

"அன்பாவது!" என்று கூட்டத்திலிருந்து கத்தினான் மாரியப்பன். "'பாதியை எனக்கு அனுப்பு, இல்லாவிட்டால் வேறு வியாபாரியைப் பார்ப்பேன்' என்று மிரட்டினீர்களே! நானும் பயந்து ஒத்து ஊதினேன்."

இருவரையும் காவலர்கள் இழுத்துப் போனார்கள். சடையாண்டி ஓடிப்போய்த் தும்பிக்கையைக் கட்டிக்கொண்டு விம்மி அழுதார். செங்கமலம் அவரை மெதுவாக ஒதுக்கிவிட்டு மறுபடியும் கூரைக்குள் தும்பிக்கையை நுழைத்தது.

"என்ன மணவாளா இது?" என்றார் ராஜா.

"பொறுங்கள் மகாராஜா, சாட்சி இன்னும் பேசி முடிக்கவில்லை."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே தம் முத்துமாலையைக் கழற்றி மணவாளன் கழுத்தில் போட்டார்.