நாலு கட்டைப் பாட்டு

"என்னைச் செருப்புல அடிக்கோணுமுங்கம்மா," என்றார் சென்னியப்பன்.

கரட்டம்மா அவர் காலைப் பார்த்தார். "அதை வாசல்லயே கழட்டிப் போட்டுட்டு வந்துட்டியே. சரி, உக்காரு."

ஊருக்கு வெளியே கரட்டடியில், அந்தக் கல்லுக் குன்றின் அடிவாரத்தில், ஓலைக் கொட்டகை போட்டுக்கொண்டு இருப்பவர் என்பதால் கரட்டம்மா. சொந்தப் பேர் யாருக்கும் தெரியாது. துக்கம் என்று வந்தாலும் சரி, தூக்கம் வரவில்லை என்று வந்தாலும் சரி, முதலில் சோறு போடுவார். அவர் யாருக்கும் புத்தி என்று ஒன்று சொன்னது கிடையாது. அப்படியும் போகிறவர்கள் போய்க்கொண்டேதான் இருந்தார்கள்.

சென்னியப்பனைத் தெரியாதவர் உண்டா? தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுகிற மனுஷன். எத்தனையோ பாட்டு எழுதினார். ஜனங்கள் பிடித்துக்கொண்டது என்னவோ பரிசல் பாட்டைத்தான்.

அக்கா புருஷன் வீட்டுக்குப் போகிறாள். பரிசல் கிளம்பிவிட்டது. கரையில் நிற்கிற தம்பி, கொஞ்சம் மெதுவாகப் போ என்று பரிசல்காரனிடம் கெஞ்சுகிறான். அவ்வளவுதான் பாட்டு. 'பொறுத்துத் தள்ளு பரிசலை' என்று சென்னியப்பன் குரல் மேலே ஏறும்போது கல்மனசுக்காரனும் கண்ணைத் துடைத்துக்கொள்வான்.

அதையும் நாலு கட்டைச் சுருதியில் பாடுவார். ஆம்பளைகள் சாதாரணமாக ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடுவார்கள். நாலு என்றால் தொண்டை நரம்பு தெறித்துவிடும். அது சென்னியப்பன் ஒருத்தரால்தான் முடியும் என்று பேர்.

முடிந்தது, ஒரு காலத்தில்.

எழுபதைத் தாண்டியதும் தொண்டை கையை விரித்துவிட்டது. ஆனால் கச்சேரிக்குக் கூப்பிடுகிறவர்கள் விடவில்லை. பரிசல் பாட்டு இல்லை என்றால் கச்சேரியே வேண்டாம் என்றார்கள். சவுண்டு பார்க்கிற ரங்கராஜுதான் ஒரு வழி சொன்னான். பழைய ரெக்கார்டிலிருந்து அந்த ஏறுகிற இடத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டான். இடம் வந்ததும் அதைப் போடுவான். சென்னியப்பன் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைப்பார்.

இப்படியே வருஷக்கணக்கில் வண்டி ஓடியது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கைதட்டு விழும்போது வெட்கம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்ளும்.

போன மாசம் பவானியில் கச்சேரி. ஏறுகிற இடம் வந்தது. ரெக்கார்டு பாதியில் நின்றுபோனது.

சென்னியப்பன் திறந்த வாயோடு நின்றார். சத்தம் இல்லை. உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. மானம் போச்சு என்று நினைத்தார்.

போகவில்லை. அதுதான் வினை.

துக்கத்தில் தொண்டை அடைத்து நிற்கிறார் என்று ஜனங்கள் நினைத்துவிட்டார்கள். முன்வரிசையில் ஒரு பெண் தேம்பித் தேம்பி அழுதாள். மொத்தச் சனமும் எழுந்து நின்று, அவர் விட்ட இடத்திலிருந்து பாடி முடித்தது. 'பாட முடியாமல் கலங்கிய கவிஞர்' என்று மறுநாள் பேப்பரில் படத்தோடு வந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் சொந்த ஊர்க்காரர்கள் பாராட்டு விழாவுக்குப் பந்தல்காலே நட்டுவிட்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை விழா.

இத்தனையையும் கரட்டம்மாவிடம் ஒளிக்காமல் சொன்னார்.

"திருடனைப் புடிச்சு மாலை போட்ட மாதிரி இருக்குதுங்கம்மா. ஞாயித்துக்கிழமை நான் மேடை ஏறட்டுமா, வேண்டாமா? நீங்க என்ன சொல்றீங்களோ அதைக் கேட்டுக்கறேன்."

"முதல்ல சாப்பிடு," என்றார் அம்மா.

சாப்பிட்டார். படுத்தார். அம்மா ஒன்றும் சொன்னபாடில்லை.

விடிந்து எழுந்து வந்து பார்த்தால் கரட்டம்மா முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கை கீரையில் இருந்தது, வாய் பாட்டில் இருந்தது. பரிசல் பாட்டு.

அம்மாவுக்குக் குரல் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கரகரவென்று அடியில் கிடந்தது பாட்டு. சென்னியப்பனுக்குப் பொறுக்கவில்லை. செருப்படி கேட்டு வந்த மனுஷன்தான், ஆனாலும் பழக்கம் விடுமா?

"சுருதி கீழ இருக்குதுங்கம்மா."

"அப்படியா? எங்கே, உசத்திப் பாடிக் காட்டு."

சென்னியப்பன் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"எதுக்கு இத்தனை மேல கொண்டுபோய் வெச்சே?" என்று கேட்டார் அம்மா.

"அந்தத் துக்கத்துக்கு அந்த உயரம்..." என்று ஆரம்பித்தார். பேட்டி எடுக்க வந்த அத்தனை பேருக்கும் சொன்ன பதில் அது. இங்கே அதைப் பாதியிலேயே விட்டுவிட்டார். அம்மா கீரையை உருவிக்கொண்டே இருந்தார்.

மெட்டுப் போட்டபோது அந்தப் பாட்டு ஒன்றரைக் கட்டையில்தான் இருந்தது. ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள் கேட்டுவிட்டு, பாட்டு அருமை, பாட மட்டும் வேறு ஆளைப் போடலாம் என்றார்கள். நல்ல பேர் வாங்கிய பாடகர் ஒருவரைக் கூட்டியும் வந்துவிட்டார்கள். சென்னியப்பன் மறுத்துப் பேசவில்லை. இந்தப் பாட்டுக்கு நாலு கட்டைதான் என்று சிரித்துக்கொண்டே ஆர்மோனியத்தில் கை வைத்தார். வந்தவர் பாடிப் பார்த்தார், எட்டவில்லை. கும்பிட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து பாட்டும் நாலு கட்டையிலேயே நின்றுவிட்டது.

கட்டின பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாத சங்கதி. இப்போது சொன்னார்.

"வேற யாரும் பாடக்கூடாதுன்னு வெச்சனுங்கம்மா. இப்ப என்னாலயும் முடியல."

பவானி மேடையில் வேர்த்ததைவிட அதிகமாக வேர்த்தது. அம்மா திட்டுவார் என்று பார்த்தார். அம்மா ஒரு கொத்துக் கீரையை எடுத்து அவர் மடியில் போட்டார். உருவச் சொல்கிறார் போல என்று சென்னியப்பனும் உருவ ஆரம்பித்தார்.

"பவானியில சனம் பாடுச்சுன்னியே. எத்தனை கட்டையில பாடுச்சு?"

சென்னியப்பன் யோசித்தார். அழுத பெண்ணின் முகம் நினைவு இருந்தது. ரங்கராஜு ஒயரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது நினைவு இருந்தது. கையில் மைக் வழுக்கியதுகூட நினைவு இருந்தது.

"கேக்கலீங்கம்மா."

"என்ன கேக்கல?"

"அத்தனை பேர் பாடினாங்க. நான் காதுலயே வாங்கல. நம்ம குட்டு உடைஞ்சுதா இல்லையான்னுதான் பார்த்துட்டு நின்னேன்."

சொல்லி முடித்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. உதட்டை அசைத்ததற்கு வெட்கப்பட்டுத்தான் கரட்டுக்கு வந்தார். இது அதைவிடப் பெரிய வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு கீரையை உருவினார்.

அம்மா விட்ட இடத்திலிருந்து பாட ஆரம்பித்தார். அதே கரகரப்பு, அதே அடித்தொண்டை. இந்தத் தடவை சென்னியப்பன் திருத்தவில்லை. 'பொறுத்துத் தள்ளு பரிசலை' வந்தது. பக்கத்தில் நிற்கிற ஆளிடம் கேட்பது போல அம்மா அதைக் கேட்டார். தம்பி கெஞ்சுகிறான் என்று எழுதிவிட்டு இத்தனை காலம் அதை உச்சியில் நின்று கத்தியது தான்தானா என்று சென்னியப்பனுக்கே சந்தேகமாக இருந்தது.

அடுத்த அடியில் அவரும் சேர்ந்துகொண்டார். குரல் வந்தது. பிசிறோடுதான் வந்தது, ஆனால் சொந்தக் குரல்.

அந்த நேரம் பார்த்துச் செல்போன் அடித்தது. ரங்கராஜு. மிஷினைச் சரி பண்ணியாச்சு, ஞாயிற்றுக்கிழமை சத்தியமாக நிற்காது, வாத்தியம் வாசிக்கிறவர்களிடம் வழக்கம்போல நாலு கட்டை என்று சொல்லிவிடட்டுமா என்று மூச்சுவிடாமல் பேசினான்.

"ரெக்கார்டு வேண்டாம்ப்பா. பவானியில நடந்ததை முதல்ல நானே மைக்குல சொல்லிடறேன். அதுக்கப்புறமும் உக்காந்திருந்தாங்கன்னா பாட்டு. சுருதி ஒண்ணரைக் கட்டை."



"யோசிச்சுச் சொல்லுங்கண்ணா," என்றான் ரங்கராஜு. "ஒண்ணரைக் கட்டையில எடுத்தா ஊரே பாடிருமே."