ஊருக்கெல்லாம் ஒரு வாய்

கொன்றைக் குளத்தின் கரையில் தேனம்மை என்ற கரடி ஒரு முயல்குட்டியை வளர்த்து வந்தாள். வெள்ளத்தில் தாயைப் பிரிந்து, ஒரு மரக்கட்டையில் ஒட்டிக்கொண்டு மிதந்து வந்த குட்டி அது. அப்போதுதான் பால் மறந்து புல் கடிக்கத் தொடங்கியிருந்தது. உள்ளங்கையில் வைத்தால் இருக்கிற இடம் தெரியாது. அதனால் கடுகு என்று பெயர் வைத்தாள்.

தேனம்மைக்குப் பிள்ளை கிடையாது. கவலை மட்டும் நிறைய உண்டு. கடுகு தும்மினால் சளியோ என்று கவலை. தும்மாவிட்டால் மூக்கடைப்போ என்று கவலை. எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை, பிள்ளை இளைத்திருக்கிறானே என்பது. கரடிக்குட்டியோடு ஒப்பிட்டால் எந்த முயல்தான் இளைத்திருக்காது? அது அவளுக்குத் தோன்றவில்லை.

தனக்கு எது பிடிக்குமோ அதையே ஊட்டினாள். தேன், பலாச்சுளை, இலுப்பைப்பூ, கரும்பு. கடுகு வாயை மூடிக்கொண்டால் மடியில் போட்டுக்கொள்வாள்.

"இது யானை மாமாவுக்கு ஒரு வாய். இது மயில் அத்தைக்கு ஒரு வாய். இது ஆந்தைச் சித்தப்பாவுக்கு. பாவம், ராத்திரியெல்லாம் கண் முழிக்கிறாரு."

பெரியவர்களுக்கு மரியாதை செய்வதாக நினைத்துக் கடுகும் விழுங்கி வைக்கும்.

எதிர்ப் புதரிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தான் மாரப்பன் என்ற நரி. குட்டி வந்த புதிதில், இது ஒரு பல்லுக்குக்கூடக் காணாது என்று விட்டுவிட்டவன். இப்போது அவனுக்கு வேறு யோசனை வந்தது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"ஏன்க்கா, ஊருக்கெல்லாம் ஒரு வாய் கொடுக்கிறீங்க. எங்க குடும்பம் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

தேனம்மைக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து நரிக்கும் ஒரு வாய். அடுத்து அவன் பெண்டாட்டிக்கு. அப்புறம் மாமனாருக்கு, மலைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்த தங்கைக்கு, அந்தத் தங்கையின் நாத்தனாருக்கு. நாத்தனாரை விட்டுவிட்டால் சண்டை வருமாம். நரியின் சொந்தபந்தம் முழுவதும் முயல்குட்டியின் வயிற்றில் வந்து இறங்கியது.

கொஞ்ச காலத்தில் பெயர்தான் கடுகு, ஆள் பூசணிக்காய் என்று ஆகிவிட்டது. தாவப் போனால் முன்கால் தாவும், பின்பக்கம் யோசிக்கும். பின்பக்கத்தை நக்கிச் சுத்தம் செய்யத் தலை எட்டவில்லை. ஈ மொய்த்தது. தேனம்மை ஓர் இலையை எடுத்து விசிறிக்கொண்டிருந்தாள். நரி தினமும் வந்து கடுகைப் பிடரியில் கவ்வித் தூக்கிப் பார்ப்பான். இன்னும் கொஞ்சம் எடை ஏற வேண்டும் என்று சொல்லி எச்சிலை விழுங்குவான். பிள்ளைமேல் இவனுக்கு எவ்வளவு பாசம் என்று தேனம்மை உருகிப் போவாள்.

ஒரு நாள் காலையில் கடுகு எதையும் தொடவில்லை. புழுக்கையும் போடவில்லை. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு மூலையில் குந்தியிருந்தது. வயிறு மேளம் மாதிரி விறைத்திருந்தது. தேனம்மை அழுதுகொண்டே போய் இன்னும் கொஞ்சம் தேன் கொண்டு வந்தாள்.

அழுகைச் சத்தம் கேட்டு, தண்ணீர் குடிக்க வந்த சருகுமான் ஓடி வந்தாள். அவள் பெயர் ராக்கு. தழை தின்று பிழைக்கிற சின்ன உருவம். அவளும் அந்த வருஷம்தான் குட்டி போட்டிருந்தாள். கடுகின் முதுகையும் விலாவையும் மூக்கால் மெல்லத் தடவினாள்.

"அக்கா, விலா எலும்பு எங்கே?"

"எலும்பே தெரியாம வளர்த்திருக்கேன்டி" என்றாள் தேனம்மை, அழுகைக்கு நடுவிலும் பெருமையாக.

எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, ஆனால் தடவினால் தட்டுப்பட வேண்டும், அதுதான் முயலுக்கு நல்ல உடம்பு என்றாள் ராக்கு. முயல் நாள் முழுக்கப் புல்லை மெல்ல வேண்டும். மென்றால்தான் வளர்கிற பல் தேயும், வயிறும் ஓடும். பழமெல்லாம் என்றைக்கோ ஒரு நாள், நகத்தளவு போதும். வயிறு இப்படியே நின்றுபோனால் பிள்ளை தங்காது என்றும் சொன்னாள்.

"புல்லா? வளர்த்த பிள்ளைக்குப் புல்லைப் போட்டா நாலு பேர் என்ன பேசுவாங்க? பெத்திருந்தா இப்படிச் செய்வாளான்னு கேக்க மாட்டாங்களா?"

அந்த நேரம் நரியும் வந்துவிட்டான். குட்டி தானாகச் செத்தால் ருசி போய்விடுமே என்று அவனுக்குப் பதற்றம். ராக்குவின் குட்டி ஈர்க்குச்சி மாதிரி இருக்கிறது, அந்தப் பொறாமையில் பேசுகிறாள் என்றான். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வைத்தியர் இருக்கிறார், பிள்ளையைக் கொடுத்தால் ஒரே ஓட்டமாகக் கொண்டுபோய்க் காட்டிவிடுவேன் என்றான். தேனம்மை கடுகை வாரி எடுத்து அவனிடம் நீட்டினாள்.

நரியோடு மல்லுக்கு நிற்க ராக்குவுக்குப் பலம் ஏது? பேச்சுக் கொடுத்தாள்.

"உங்க பிள்ளைங்க அன்னைக்கு ஓடுனதைப் பார்த்தேன் அண்ணே. என்ன வேகம். அதுங்களுக்கும் தேனும் பலாப்பழமும்தான் கொடுக்கிறீங்களா?"

பிள்ளைகளைப் புகழ்ந்ததும் நரிக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"சேச்சே, என் பிள்ளைங்களுக்கு அளந்துதான் போடுவேன். கொழுத்துப் போனா எப்படி ஓடும்? ஓட முடியாததை எவனாவது பிடிச்சுத் தின்னுட்டுப் போயிடுவானே."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது.

தேனம்மைக்கு எதுவும் மெதுவாகத்தான் உறைக்கும். உறைத்துவிட்டால் விடமாட்டாள். ஒரு கையால் கடுகை நெஞ்சோடு இழுத்துக்கொண்டாள். மறு கையால் விட்டாள் ஓர் அறை. நரி குளத்துச் சேற்றில் தலைகீழாகப் போய் நட்டுக்கொண்டான்.

பிறகு தேனை மூடி வைத்தாள். ராக்கு சொன்னபடி வயிற்றை மெல்லத் தேய்த்துவிட்டு, தண்ணீர் காட்டி, இளம் அறுகம்புல்லை மூக்கருகே வைத்துக் காத்திருந்தாள். கடுகு ஓர் இழையைக் கடித்தது. வெகு நேரம் கழித்து இன்னோர் இழை. சாயங்காலம் நாலு புழுக்கை போட்டது. முத்துமாலை கிடைத்தால்கூட யாரும் அப்படி மகிழ்ந்திருக்க மாட்டார்கள்.

கடுகு சும்மா விடவில்லை. தேன் கேட்டுப் புரண்டது. யானை மாமாவுக்குப் பசிக்குமே என்று ஜாடையாகப் பேசிப் பார்த்தது. அவர் வாயால் அவரே சாப்பிட்டுக்கொள்வார் என்று சொல்லிவிட்டாள் தேனம்மை. சொல்லிவிட்டு மரத்துக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கோடை வந்தது. குளக்கரையில் மேய்ந்துகொண்டிருந்த கடுகின்மேல் நரி பாய்ந்தான். கடுகு ஒரே தாவாகத் தாவி முள்ளுக்குள் நுழைந்தது, பாறையைச் சுற்றியது, மேட்டில் ஏறி மறைந்தது. நரி நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு பாதி வழியில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு பேருக்கும் பின்னால் தேனம்மை மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"மெதுவா ஓடுடா கடுகு, விழுந்துடப் போற!"

நமக்குப் பிடித்ததை ஊட்டுவது பாசம் ஆகாது. பிள்ளையின் உடம்புக்கு ஏற்றதை அளவோடு கொடுப்பதே பாசம்.